ஆற்றோர மேசைக்கு ஆறு பேர்

“ஒரே ஒரு தடவை நான் சொல்ற இடத்துல சாப்பிட்டா, யாரு குடி முழுகிடும்?”

“அப்பாவோட எழுபதாவது பிறந்தநாள், ரோண்டா. அப்பாவைக் கேளுங்க. என்கிட்ட எதுக்குக் கத்தறீங்க?” என்றாள் நரெல்.

“கேட்டேனே! உங்கப்பா வாயைத் திறந்தாத்தானே! நெவ், சொல்லித் தொலையேன். இத்தாலிக்காரன் கடையா, அந்தப் பாழாப்போன கிளப்பா?”

நெவில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். செய்து முடித்த முகத்துக்கே மறுபடியும் நுரை பூசினார்.

சனிக்கிழமை, ஜூலை மாதம், மாலை நாலு பத்து. மில்லன் க்ராசிங் என்ற ஆற்றங்கரை ஊரில் ஒரு மோட்டல், ஏழாம் எண் அறை. இத்தனை துல்லியமாக எப்படிச் சொல்கிறேன் என்றால், ரோண்டா இதை என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் மணி, நிமிடம், யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பது வரை மாறவில்லை. பொய் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் தெருவில் அவர்களுக்குப் பஞ்சமில்லை. ரோண்டாவே தன் வயதில் நாலு வருடத்தை மறைப்பவள். இதில் ஒரு நிமிடத்தைக்கூட மறைக்கவில்லை. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நெவில் ட்ரான்டருக்கு ரோண்டா இரண்டாம் மனைவி. முதல் மனைவி பெவர்லி. எல்லாருக்கும் பெவ். அதற்கு நாலு வருடம் முன்பு புற்றுநோயில் போய்விட்டாள். அவள் போன மாதமே தெருவிலிருந்த தனிக்கட்டைப் பெண்கள் எல்லாம் நெவில் வீட்டுக்கு லசான்யா சமைத்துக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். ரோண்டா வாரம் இரண்டு தட்டு. கடைசியில் அவள் லசான்யாதான் ஜெயித்தது.

ஜெயித்தவளுக்கு நிம்மதி இல்லை. வீட்டில் திரைச்சீலை பெவ் வாங்கியது. ரோஜாச் செடி பெவ் வைத்தது. நெவில் தூக்கத்தில் கூப்பிடுவதும்... சரி, அதை அவளே சொன்னாள், நான் சொல்லவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம். இன்னும் அந்த வீட்டில் தான் ஒரு விருந்தாளி மாதிரியே இருப்பதாக அவளுக்கு ஒரு புழுக்கம்.

எங்கள் நாட்டில் ஜூலைதான் குளிர்காலம். அந்த வருடம் குளிருக்குப் பயந்து, வெயில் தேடி வடக்கே கிளம்பினார்கள். ஒரே வண்டி. நெவில், ரோண்டா, நெவிலின் மகள் நரெல், அவள் புருஷன் கிரெய்க், ஆறு வயதுப் பேத்தி ஐவி. வழியில் பிறந்தநாள் வருகிறது. அந்த ஒரு ராத்திரிச் சாப்பாட்டை ரோண்டா இரண்டு வாரமாகத் திட்டமிட்டிருந்தாள். மெழுகுவத்தி, வெள்ளை மேசை விரிப்பு, நெவிலுக்குப் பக்கத்தில் தான். பெவ் காலடி படாத ஒரு இடம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

“மெழுகுவத்தி வெளிச்சத்துல அப்பாவுக்கு மீன் முள்ளு தெரியாது,” என்றாள் நரெல். “வடக்க போறப்போ எல்லாம் நாங்க படைவீரர் கிளப்புலதான் சாப்பிடுவோம். ஆத்தோர மேசை. அம்மா எப்பவும் அதைத்தான் பிடிப்பாங்க.”

“அம்மா... அம்மா!”

“அந்த மேசை உறுப்பினர்களுக்கும் அவங்க விருந்தாளிங்களுக்கும் மட்டும்தான். அப்பா சந்தா எப்பவோ முடிஞ்சுபோச்சு. அம்மா இருந்திருந்தா ஒரே போன்ல வாங்கியிருப்பாங்க. இப்ப நாம வெளியாளு. போனா சூதாட்ட மெஷின் பக்கத்துல, அந்தச் சத்தத்துலதான் உக்காரணும்.”

இதுதான் ரோண்டாவைச் சுட்டது.

“ஆத்தோர மேசைதானே வேணும்? நான் வாங்கித் தரேன். உங்கம்மா என்ன வானத்துலருந்தா குதிச்சா?”

நெவில் குளிக்கப் போனார். ரோண்டா அவர் பர்ஸைத் திறந்தாள். சும்மா பார்க்கத்தான், என்றாள் என்னிடம். சும்மா பார்ப்பதற்கு என்று ஒரு பெண் புருஷன் பர்ஸைத் திறந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. உள்ளே ரோண்டாவின் போட்டோ இல்லை. கிளப்பின் உறுப்பினர் அட்டை இருந்தது. பெவர்லி ட்ரான்டர், 4471. அந்த வருடக் கடைசிவரை செல்லும். டாக்டர் கைவிரித்த பிறகு, சாவதற்கு ஒரு மாதம் முன்பு, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறாள் மகராசி.

அட்டையில் படம் கிடையாது. ரோண்டா அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். போன் செய்தாள். உறுப்பினர் எண்ணைச் சொல்லி, ஆற்றோர மேசை, ஐந்து பேர் என்றாள்.

ஐந்து பேர். அதைத் தெளிவாகச் சொன்னாளாம்.

மாலை 5.40. நெவில் வண்டியை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். ரோண்டா முந்திக்கொண்டு உள்ளே போனாள். வாசல் மேசையில் ஒரு சின்னப் பெண். அட்டையைத் தேய்த்தாள். திரையைப் பார்த்துச் சிரித்தாள்.

“வாங்க மிசஸ் ட்ரான்டர்! நாலு வருஷமாக் காணோமே?”

“ஊர் ஊரா சுத்திட்டிருந்தேன்.”

“விருந்தாளிங்க பேரை இந்த நோட்டுல எழுதுங்க. விதி தெரியும்ல? கூட்டிட்டு வந்தவங்களோடதான் அவங்க வெளிய போகணும்.”

ரோண்டா எழுதினாள். நெவில், நரெல், கிரெய்க், ஐவி. நாலு பெயர். தன் பெயரை எழுதவில்லை. எழுத முடியாதே. அவள்தானே அப்போது பெவ்!

உள்ளே வந்த நரெல் ஆற்றோர மேசையைப் பார்த்து வாயைப் பிளந்தாள்.

“எப்படி வாங்கினீங்க?”

“கேட்கற விதத்துல கேட்டா கிடைக்கும்.”

மேசையில் ஆறு நாற்காலி. ஆறு தட்டு, ஆறு கைத்துண்டு.

“நாங்க அஞ்சு பேர்தான்,” என்றாள் ரோண்டா.

பரிமாறுகிற ஆள் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். “ஆறுன்னு இருக்கு. ரெண்டாவது தடவை போன் பண்ணி மாத்தினீங்களே.”

கூட்டம் அதிகம். அவன் நிற்காமல் போய்விட்டான். நெவில் மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வலப்பக்கம் ரோண்டா. இடப்பக்கம் அந்தக் காலி நாற்காலி. ஐவியை அதில் உட்காரச் சொன்னார்கள். மாட்டேன் என்றாள். அம்மா பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள்.

6.00 மணி.

படைவீரர் கிளப்பில் மாலை ஆறு மணிக்கு வழக்கமாக நடப்பதுதான். விளக்குகள் அடங்கின. சுவரில் நினைவுச் சுடர் மட்டும் எரிந்தது. மெஷின்களின் மணியோசை நின்றது. எல்லாரும் எழுந்து சுடரின் பக்கம் திரும்பி நின்றார்கள். ஒலிபெருக்கியில் யாரோ நாலு வரி வாசித்தார். பிறகு, போரில் மடிந்தவர்களுக்கு ஒரு நிமிட மௌனம்.

இருநூறு பேர். இருமல்கூட இல்லை.

க்ர்ர்ர்க்...

நாற்காலி நகரும் சத்தம். மிக அருகில். எல்லாரும் எழுந்த பிறகு, யாரோ தாமதமாக எழுவது போல.

ரோண்டா தலையைத் திருப்பவில்லை. மௌன நேரத்தில் திரும்பினால் மரியாதையில்லை. கண்ணை மட்டும் ஓட்டினாள். மேசையைச் சுற்றி நிழல்களை எண்ணினாள். நெவில்... நரெல்... கிரெய்க்... குழந்தை... தான்...

ஆறு.

விளக்கு வந்தது. ஐந்து பேர். காலி நாற்காலி பின்னால் தள்ளி இருந்தது. அங்கிருந்த கைத்துண்டு பிரிந்து கிடந்தது.

நெவில் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். “தேங்க்ஸ், ரோ.”

“எதுக்கு?”

“கையைப் பிடிச்சுக்கிட்டதுக்கு.”

ரோண்டாவின் இரண்டு கையும் தன் நாற்காலியின் முதுகைத்தான் பிடித்திருந்தன. நெவில் இடது கையைத் தடவிக்கொண்டிருந்தார். காலி நாற்காலிப் பக்கத்துக் கையை.

பயப்பட வேண்டிய நேரம். ஆனால் அந்தப் பெண்ணுக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? வயிற்றெரிச்சல். ‘ரெண்டு வருஷத்துல நாலு பேர் முன்னாடி என் கையை ஒரு தடவை பிடிச்சிருப்பானா?’ என்றுதான் நினைத்தாளாம்.

6.12. சாப்பாடு சொல்ல அவள் எழுந்து கவுண்டருக்குப் போனாள்.

“சொல்லிட்டீங்களே,” என்றாள் அங்கிருந்தவள். “இப்பத்தான். இந்தாங்க பஸ்ஸர், மறந்து வச்சுட்டுப் போயிட்டீங்க.”

உள்ளங்கை அளவு வட்டமான கருவி. சாப்பாடு தயாரானால் அதிரும், சிவப்பாக மின்னும். ரோண்டா அதை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பினாள். என்னவென்று கேட்டால் அடையாள அட்டை கேட்பார்கள். கேட்டால் குட்டு உடையும். நரெல் முன்னால்.

6.31. பஸ்ஸர் அதிர்ந்தது. தட்டுகள் வந்தன. நெவிலுக்கு ஆட்டுக்கறி ரோஸ்ட், குழம்பு தனியாக. நரெலுக்கு ரொட்டித்தூள் போட்டுப் பொரித்த ஷ்னிட்செல் இறைச்சி, எலுமிச்சை இரண்டு துண்டு. கிரெய்க்குக்கு வெங்காயம் இல்லாமல், மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட ‘பை’. ஐவிக்கு மீன், தோல் உரித்து.

“எனக்கு வெங்காயம் ஒத்துக்காதுன்னு எப்படித் தெரியும்?” என்றான் கிரெய்க்.

“என் எலுமிச்சைகூட ஞாபகம் வச்சிருக்கீங்க,” என்றாள் நரெல். குரலில் முதல் தடவையாக ஒரு குழைவு. “நான்தான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன் போல.”

ரோண்டாவுக்கு இதில் எதுவும் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

“எல்லாம் கவனிக்கத்தானே செய்யறேன்,” என்றாள்.

ஐந்தாவது தட்டு வந்தது. தோல் நீக்கிய கோழி, உருளை இல்லை, பட்டாணி இரண்டு பங்கு. பரிமாறுபவன் அதை நேராகக் காலி நாற்காலி முன்னால் வைத்துவிட்டுப் போனான்.

ரோண்டாவுக்குத் தட்டு வரவில்லை.

யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அதன் பிறகு ஒன்று மாறியது. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். சிரித்தார்கள். ஆனால் கண்கள் ரோண்டா மேல் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவளைத் தாண்டி, அந்தக் காலி நாற்காலியில் போய் நின்றன. “உப்பைக் கொடு நெவ்,” என்றாள். கொடுக்கவில்லை. மறுபடி கேட்டாள். நெவில் அந்தப் பக்கம் சாய்ந்து எதையோ கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அப்படி அவர் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

6.50. ஒலிபெருக்கி.

“உறுப்பினர் குலுக்கல்! பரிசு ஒரு இறைச்சித் தட்டு! எண் 4471... 4471... மூணு நிமிஷத்துல மேடைக்கு வந்து வாங்கிக்கணும்!”

ரோண்டா கோட்டுப் பைக்குள் அட்டையைத் தொட்டாள். பனிக்கட்டி போலச் சில்லென்று இருந்தது.

போனால் மாட்டிக்கொள்வாள். அசையவில்லை.

ஒரு நிமிடம்...

இரண்டு...

“வந்துட்டாங்க! வாழ்த்துகள் 4471!”

கைதட்டல். மேடையில் ஒரு பெண்ணின் முதுகு. அகலத் தோள். நரைத்த குட்டை முடி. நெவில் எழுந்து நின்று கைதட்டினார்.

ரோண்டா எழுந்தாள். அட்டையைத் தொலைத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. கைப்பையை விட்டுவிட்டு, பஸ்ஸர் கையிலேயே இருக்க, கழிவறைக்கு ஓடினாள். அட்டையை இரண்டாக உடைத்தாள். குப்பைத் தொட்டியில் போட்டாள். முகம் கழுவினாள். நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

7.02. திரும்பி வந்தாள்.

மேசை காலி.

தட்டுகள் இல்லை. துடைத்து வைத்திருந்தார்கள். ஐந்து நாற்காலி இழுத்துவிட்டபடி கிடந்தன. ஒன்று மட்டும் ஒழுங்காக உள்ளே தள்ளியிருந்தது.

அவளுடையது.

வாசல் மேசைக்கு ஓடினாள். அதே சின்னப் பெண். அடையாளம் தெரியாதது போலப் பார்த்தாள்.

“நீங்க யாரோட விருந்தாளி?”

“நான்... ட்ரான்டர்...”

அந்தப் பெண் நோட்டைப் புரட்டினாள். “ஆமா. மிசஸ் ட்ரான்டரோட விருந்தாளி. அவங்க குடும்பத்தோட இப்பத்தான் கிளம்பினாங்க. நீங்க கூடவே போயிருக்கணுமே?”

நோட்டில் நெவில், நரெல், கிரெய்க், ஐவி. ரோண்டாவின் கிறுக்கல் கையெழுத்து.

அதன் கீழே ஐந்தாவது வரி.

ரோண்டா.

வட்ட வட்டமான, அழகான கையெழுத்து. வீட்டில் ஊறுகாய்ப் பாட்டில்களிலும் விதைப் பொட்டலங்களிலும் தினம் பார்க்கிற அதே கையெழுத்து.

வெளியே ஓடினாள். வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. முன்னிருக்கையில் ஒருத்தி. அவள் கை நெவிலின் பின்கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

“நெவ்! நெவில்!”

பின் கண்ணாடியில் ஐவி திரும்பிப் பார்த்தாள். யாரோ வழிப்போக்கரைப் பார்ப்பது போல.

வண்டி போய்விட்டது.

மோட்டல் ஒன்றரை கிலோமீட்டர். ஆற்றங்கரை மேட்டு வழியே நடந்தாள். கை விறைத்தது. மூச்சு புகைந்தது.

7.21...

ட்ர்ர்ர்ர்...

கையில் பஸ்ஸர்.

கிளப் கண்ணுக்கே தெரியவில்லை. அந்தக் கருவி நூறு அடிக்கு மேல் வேலை செய்யாது. ஆனாலும் அதிர்ந்தது. சிவப்பு... சிவப்பு... சிவப்பு...

ஆற்றில் எறிந்தாள்.

தண்ணீருக்கடியிலும் மின்னியது.

7.34. ஏழாம் எண் அறை. கதவு பூட்டவில்லை. நெவில் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் ரோண்டாவின் கைப்பை. குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம். அவளைப் பார்த்ததும் அவர் முகம் குழம்பியது.

“நீ குளிச்சிட்டில்ல இருந்த? எப்ப வெளிய போன?”

தண்ணீர் நின்றது.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. ஆவி. ஈரத் தரை. தொட்டால் சுடும் குழாய்.

“நெவ்... கிளப்புலருந்து யாரு உன்கூட வந்தா?”

“என்ன கேள்வி இது? நீதான். வழியெல்லாம் பாடிட்டு வந்தியே.” அவர் சின்னக் குளிர்பெட்டியைக் காட்டினார். “உன் பரிசை அதுக்குள்ள வச்சிருக்கேன்.”

திறந்தாள். இறைச்சித் தட்டு. ஆட்டு விலா, கொத்திறைச்சி, பன்னிரண்டு சாசேஜ். மேலே ஒட்டிய சீட்டில் 4471.

கதவு தட்டப்பட்டது. நரெல். கண் கலங்கியிருந்தாள். வந்தவள் ரோண்டாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

“வண்டியில நீங்க சொன்னதை மறக்க மாட்டேன். அம்மா இடத்துக்கு நான் வர மாட்டேன்னு சொன்னீங்களே... அது எனக்குப் போதும்.”

அவள் போனதும் நெவில் ரோண்டாவின் கையைப் பிடித்தார். விரல் சில்லிட்டிருப்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

“ரோ, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இனிமே எப்பவும் இன்னிக்கு மாதிரியே இரு.”

பேயை அவள் தாங்கியிருப்பாள். அந்த ஒரு வார்த்தையைத் தாங்கவில்லை.

செப்டம்பரில் ரோண்டா பெட்டியைக் கட்டினாள். ஹோபார்ட்டில் இருந்த அக்காவிடம் போனாள். ஒன்றரை வருடம் கழித்து, அங்கே படகு ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவருக்கும் முதல் மனைவி உண்டு. உயிரோடு, இரண்டு தெரு தள்ளி, நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள். அதை நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் ரோண்டா சரியென்றாள்.

நரெல் குடும்பம் பெர்த்துக்கு மாறிப் போனது. நெவில் வீட்டை விற்றுவிட்டார். எங்கே போனார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. மில்லன் க்ராசிங். கிளப்பிலிருந்து நாலாவது தெரு.

போன ஜூலையில் அவர் பிறந்தநாளுக்குப் போன் செய்தேன். குரலில் பத்து வயது குறைந்திருந்தது. கிளப்புக்குக் கிளம்பிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

“தனியாவா போறீங்க?” என்றேன்.

“தனியா எதுக்கு? ரோண்டா இருக்காளே.” பிறகு அறைக்குள் திரும்பிக் குரல் கொடுத்தார், தேன் ஒழுக ஒழுக: “ரோண்டா! கண்ணு! யாரு பேசறாங்க தெரியுமா? நம்ம பழைய பக்கத்து வீடு!”

“நான் கேட்டதாச் சொல்லு நெவ்!” என்று ஒரு பெண் உள்ளிருந்து பதில் சொன்னாள்.

இருபத்திரண்டு வருடம் பெவ்வோடு வேலிக்கு மேலே பேசியவள் நான். அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

உடனே ஹோபார்ட்டுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண்ணுன்னா கூப்பிட்டான்?” என்றாள் ரோண்டா.

“ஆமா.”

“என் பேரையும் சேர்த்தா?”

“ஆமா.”

“என்னை ஒரு நாள்கூட...” என்றாள். போனை வைத்துவிட்டாள்.